நாகல் நகரில் கோலமாவால் கட்டிய மூன்று வீடுகள்

மே மாதம் மூன்றாம் தேதி, சனிக்கிழமை, என் கொழுந்தியாள் ஜோதி திண்டுக்கல்லிலிருந்து அனுப்பிய செய்தியை எழுத்து மாறாமல் தருகிறேன்: "மாமா, பிளான் வந்துருச்சு. மூணு வீடும் நல்லாத்தான் இருக்கு. நடுச்சுவர்ல தகராறு. யாராச்சும் ஒருத்தர் கிளம்பி வாங்க. அவருக்குத் தூக்கம் இல்ல."

சிங்கப்பூரில், எங்கள் ஒன்பதாம் மாடிச் சமையலறையில், என் மனைவி கமலா இதைச் சத்தமாகப் படித்தாள். முதல் நான்கு வாக்கியங்களுக்குச் சிரித்தாள். ஐந்தாவதுக்குச் சிரிக்கவில்லை.

விவரம் இதுதான். கமலாவின் அப்பா தன் மூன்று பெண்களுக்கும் பொதுவாக, நாகல் நகரில் மூன்றேகால் சென்ட் காலிமனை ஒன்றை விட்டுப்போயிருக்கிறார். மூத்தவள் கமலா. நடுவில் ரேணுகா, பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கடைசி ஜோதி. அவள் நாகல் நகரிலேயே, ஒரு மாடிக்கு மேல் தகரக் கூரை போட்ட வாடகை வீட்டில் இருக்கிறாள். அவள் கணவர் பாண்டிக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் நிரந்தர இரவு ஷிப்ட். காலையில் வந்து பகலில் தூங்க வேண்டும். மே மாதத்தில், தகரத்துக்குக் கீழே.

போன மாதம் பாண்டி ஓடுகிற மெஷின் பக்கத்தில் நின்றபடியே தூங்கிவிட்டார். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ இப்படிப் பாத்தேன், பெறகு வீட்லயே தூங்கிக்க" என்று எச்சரித்திருக்கிறார். வீட்டில் தூங்க முடியாததுதான் பிரச்சினையே என்பதை அந்த மனிதருக்கு யார் சொல்வது?

பிளான் போட்டவர் பிரின்ஸி. திண்டுக்கல்காரர், தனியாக அலுவலகம் திறந்தபின் இதுதான் முதல் வேலை. மூன்று வீடுகளையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டினால்தான் அந்த மனையில் மூன்று வீடு வரும். ஒட்டிக் கட்டினால் வெயில் படுகிற சுவரும் குறையும், ஃபேனும் ஏ.சி.யும் இழுக்கிற கரண்டும் குறையும் என்பது அவர் வாதம். ஆனால் ரேணுகா வீட்டில், "பொதுச்சுவர்னா வேண்டாம், மனையை வித்துப் பிரிச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டார்கள். விற்றால் எங்களுக்கு நஷ்டமில்லை. ரேணுகாவுக்கும் தோட்டத்து வீடு இருக்கிறது. ஜோதிக்கு வரும் பங்கில் ஊருக்குள் ஒரு வாசற்படிகூட வாங்க முடியாது.

கமலாவுக்கு முழங்காலில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நானோ ஓய்வுபெற்றவன், கண்டதையும் படித்து, தேதிகளைக் குறித்துவைப்பதைத் தவிர வேறு வேலை இல்லாதவன். கிளம்பினேன்.

திண்டுக்கல்லில் நான் இறங்கியது திங்கட்கிழமை, மே ஐந்து. அக்னி நட்சத்திரம் முந்தைய நாள்தான் தொடங்கியிருந்தது. ஆட்டோக்காரர் என் பெட்டியை ஒருமுறை பார்த்தார், முழுக்கைச் சட்டையை ஒருமுறை பார்த்தார்.

"வெளிநாடாண்ணே?"

"ஆமாம்."

"வெயிலுக்குன்னே டிக்கெட் போட்டு வந்தீகளாக்கும்?"

நாகல் நகருக்குள் ஆட்டோ போகும் விதம் தனி. நேராகப் போனால் நின்றுவிட வேண்டியிருக்கும் என்பதால் யாரும் நேராகப் போவதில்லை. ஒரு ஜவுளிக்கடையின் பொம்மைக்கும் ஒரு தள்ளுவண்டிக்கும் நடுவே நாங்கள் நுழைந்தபோது, பொம்மை என்னைப் பார்த்து அனுதாபப்பட்டது போல இருந்தது.

ஜோதி வீட்டு மாடிப்படியின் கைப்பிடி சுட்டது. உள்ளே தரையில் ஈரத்துண்டை விரித்து, அதன்மேல் பாண்டி மல்லாந்து கிடந்தார். கண்கள் நன்றாகத் திறந்திருந்தன.

"வாங்கண்ணே" என்றார். "தூங்கிக்கிட்டு இருக்கேன்."

"அவரை எழுப்பாதீங்க மாமா" என்றாள் ஜோதி அடுப்படியிலிருந்து.

நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் நகர்ந்தேன். "வெஞ்சனம் ஒண்ணும் இல்ல, சும்மா ஒரு வாய் சாப்பிடுங்க" என்று அவள் இலை போட்டாள். ஒன்றுமில்லாத அந்த வெஞ்சனத்தில் கத்திரிக்காய்க் கூட்டு, முருங்கைக்காய்ப் பொரியல், வறுத்த கருவாடு, அப்பளம் ஆகியவை அடங்கும். சாப்பிட்டு முடிப்பதற்குள் பாண்டி மூன்று தடவை துண்டை நனைத்து வந்து படுத்தார். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து, "இப்பத்தாண்ணே கண்ணசந்தேன்" என்று விளக்கம் சொன்னார்.

சாயங்காலம் பிரின்ஸியின் அலுவலகம். மேசையில் விரித்த பிளானில் முதல் தாளில் மூன்று வீடுகளின் முகப்பும் வண்ணத்தில் இருந்தன: வடக்கே தெரு, கிழக்கு வீடு, நடு வீடு, மேற்கு வீடு, மாடியில் வெள்ளை ஓடு, ஜன்னல்களுக்கு மேல் நீண்ட சன்ஷேட், படிக்கட்டுக்கு மேலே சூடான காற்று வெளியேற ஒரு கூண்டு.

"சண்டை எங்கே ஆரம்பித்தது?" என்று கேட்டேன்.

"கார்ல சார்" என்றார் பிரின்ஸி.

அழகுக்காக முகப்புப் படத்தில் ஒரு சிவப்புக் கார் வரைந்திருந்தார். அது மேற்கு வீட்டின் முன்னால் நின்றது. ரேணுகா அதைப் பார்த்ததும், "மேக்கு வீட்டுக்கு மட்டும் கார் வருதா?" என்று கேட்டிருக்கிறாள். "அது சும்மா படத்துக்குக்கா" என்று சொல்லியும் அவள் சமாதானமாகவில்லை. இப்போது திருத்திய பிளானில் மூன்று வீட்டு வாசலிலும் மூன்று சிவப்புக் கார்கள். அந்தத் தெருவில் இரண்டு கார் ஒன்றையொன்று தாண்ட முடியாது.

"மொத்தம் ஏழு தாள் சார். யாருமே முதல் தாளைத் தாண்டல. நாலாவது தாளை மட்டுமாவது பாருங்கன்னு கெஞ்சிட்டேன்."

நான் நான்காவது தாளைத் திருப்ப முனைந்தேன். அதற்குள் கமலா வீடியோவில் வந்து, "நடு வீடு நமக்குத்தான்னு சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். நான்காவது தாள் அப்படியே நின்றுபோயிற்று.

மறுநாள் நெய்க்காரப்பட்டி. பழனி போகிற பஸ்ஸில் என் மடியில் ஒரு அம்மாள் மல்லிகைப்பூக் கூடையை வைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஒட்டன்சத்திரம் வரை தூங்கினார். சிங்கப்பூர் ரயிலில் யாராவது தோளில் லேசாக இடித்தாலே இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே பூக்கூடைக்கும் எனக்கும் ஒரே டிக்கெட் போல ஆகிவிட்டது.

ஒட்டன்சத்திரத்தைத் தாண்டினால் பேச்சில் 'ங்க' சேர்ந்துவிடுகிறது. என் சகலை கிட்டுசாமி தென்னந்தோப்பு வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க சகலை, வாங்க. ஏனுங்க, இப்படி இளைச்சுப்போயிட்டீங்க? அந்த ஊர்ல சோறு போடறதில்லீங்களா?"

அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு, மேலே நெய், பக்கத்தில் தயிர். மூன்றாவது முறை வேண்டாம் என்றபோது ரேணுகா என் இலைக்கு மேலே கரண்டியைப் பிடித்தபடி, "அப்ப பொதுச்சுவரைப் பத்திப் பேசத்தான் வந்தீங்களா மாமா?" என்றாள். சோற்றை வாங்கிக்கொண்டேன்.

சாப்பிட்டபின் கிட்டுசாமியே விஷயத்துக்கு வந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க சகலை. எங்க தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவால ஒரே வரப்புங்க. பொது வரப்பு. அதனால ரெண்டு குடும்பத்துக்கும் எங்கப்பா காலத்துல இருந்து பேச்சுவார்த்தை இல்லீங்க. வரப்பு வெறும் மண்ணுங்க. செவுரு செங்கல்லுங்க."

"அதனால்?"

"அவரவர் செவுரு அவரவருக்கு. நடுவால நாலு விரல்கடை சந்து விட்டுட்டா வம்பே இல்லீங்க. இப்ப நான் எம்பட ஊட்டுல காலண்டர் மாட்ட ஆணி அடிக்கறேன்னு வைங்க. அந்தப் பக்கம் தம்பி பாண்டி சாஞ்சு உக்காந்திருந்தா?"

ஒன்பது அங்குலச் சுவரைத் துளைக்கிற காலண்டர் ஆணியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை என்றேன். சிங்கப்பூரில் நாங்கள் மேலே, கீழே, இடம், வலம் என நான்கு குடும்பங்களோடு சுவரும் தரையும் பொதுவாக வைத்திருப்பதைச் சொன்னேன்.

"அவங்களோட பேசுவீங்களா?" என்றாள் ரேணுகா.

"இல்லை. பெயர்கூடத் தெரியாது."

"பாத்தீங்களா!" என்றார் கிட்டுசாமி.

என் வாதம் அதோடு முடிந்தது. திரும்பும்போது ஒரு சாக்குத் தேங்காய் கொடுத்தார். பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது சாக்கின் வாய் அவிழ்ந்து, தேங்காய்கள் டிரைவரை நோக்கி ஓடின. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே, "ஏலே, காலைத் தூக்கு, காலைத் தூக்கு" என்று கத்தினார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். இறங்கும்போது சாக்கில் இருந்தவற்றில் ஒன்று தேங்காய் அல்ல, யாருடைய டிபன் டப்பாவோ. கண்டக்டரிடம் ஒப்படைத்தேன்.

புதன்கிழமை நடந்ததற்குப் பாண்டிதான் காரணம். பிரின்ஸி படித்து முடித்த புதிதில் இன்னொருவரிடம் வேலை பார்த்தபோது வேடசந்தூரில் பொதுச்சுவர் வைத்து ஒட்டுவீடு இரண்டு கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து வந்தால் சகலையிடம் பேச வசதியாக இருக்கும் என்று காலையிலேயே தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு பஸ் வந்து நின்றது. அதிலிருந்து பாண்டி இறங்கினார், தலையில் பஞ்சுத் தூசியோடு.

"இது வேடசந்தூர் போகுமா?"

"அங்கிட்டுதாண்ணே போகுது, ஏறுங்க" என்றார் அவர். சொல்லும்போது கண் மூடியிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

அது மில் பஸ். இரவு ஷிப்டை இறக்கிவிட்டுப் பகல் ஷிப்டை ஏற்றிக்கொண்டு போகிறது. டிக்கெட் கேட்க யாரும் வராதபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பஸ் வேடசந்தூரைத் தாண்டி, சீமைக்கருவேலக் காட்டைத் தாண்டி, ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்து நின்றது. எல்லோரும் இறங்கி உள்ளே போய்விட்டார்கள். நானும், சட்டைப்பையில் இரண்டு பேனாவும், கையில் ஒரு நோட்டும் மிச்சம்.

வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். உள்ளே ஓடினார். ஒருவர் வந்து, "சார், நாளைக்குத்தான் ஆடிட்டுன்னு சொன்னாங்க" என்றார்.

"நான் ஒட்டுவீடு பார்க்க வந்தவன்" என்றேன். அவர் புரிந்தது போலத் தலையாட்டிவிட்டு, தொழிலாளர் குடியிருப்பைச் சுற்றிக்காட்டினார். பிறகு கழிப்பறைகளைக் காட்டினார். எல்லாம் ஈரமாக, பினாயில் வாசனையோடு இருந்தன. "குறையிருந்தா இப்பவே சொல்லிருங்க சார்." ஒரு குழாய் ஒழுகியது, சொன்னேன். என் கண்ணெதிரில் சரிசெய்தார்கள். ஊர் ஊராகச் சுற்றியதில் என் பேச்சுக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்தது அங்கேதான்.

மெஷின் ஓடுகிற கூடத்துக்குள்ளும் கூட்டிப்போனார்கள். அந்தச் சத்தத்தை விவரிக்க முடியாது. பக்கத்தில் நின்றவர் என் காதில் கத்தினார், அவர் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. தலையாட்டினேன், அதற்கு என்ன அர்த்தமாயிற்றோ, ஒரு டீயும் பிஸ்கட்டும் வந்தன. மத்தியானம் மில் வேனிலேயே கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள்.

பாண்டி ஈரத்துண்டில் கிடந்தபடி, "வீடு பாத்தீகளாண்ணே?" என்றார்.

"உங்கள் மில்லைப் பார்த்தேன். அந்தச் சத்தத்தில் நின்றுகொண்டு எப்படித் தூங்கினீர்கள்?"

"சத்தம் என்னண்ணே செய்யும்? சத்தம் நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும். சூடுதாண்ணே." தலையணையைத் திருப்பிப் போட்டார். இரண்டு பக்கமும் வெந்த தோசை போல இருந்தது அது.

வியாழக்கிழமை எல்லோரும் பிரின்ஸியின் அலுவலகத்தில் கூடினோம். வீடுகளைப் பங்கு போட்டபோது, கிழக்கு ராசி என்று ரேணுகா கிழக்கு வீட்டை எடுத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் வெயில் படாது என்று நடு வீட்டைக் கமலா வீடியோவிலேயே பிடித்துக்கொண்டாள். மேற்கு வீடு மிஞ்சியது.

"மேக்கு வெயில் அம்புட்டும் எங்க தலையிலயா?" என்றாள் ஜோதி. "ராத்திரி பூரா நிக்கிற மனுசன் பகல்ல அதுல எப்படிப் படுப்பாரு? அதுக்கு எங்க தகரமே தேவல."

"மேற்கு வீடுதான் இருக்கிறதுலயே குளிர்ச்சிக்கா. நாலாவது தாளை..." என்று பிரின்ஸி ஆரம்பித்தார்.

"நீங்க சும்மாருங்க மேடம். மேக்குன்னா சூடு, இதுக்குப் படிப்பு வேணுமா?"

"அப்ப வித்துரலாங்க" என்றார் கிட்டுசாமி.

ஜோதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது வேர்வை என்று எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

அப்போது பிரின்ஸி ஒரு யோசனை சொன்னார். மனையிலேயே சுண்ணாம்புப் பொடியால் மூன்று வீட்டையும் முழு அளவில் கோடு போட்டு, ஒரு பகல் முழுக்க எல்லோரும் அதற்குள் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். ரேணுகா உடனே காதைப் பொத்திக்கொண்டாள். "கத்திரி வெயில் முடியாம மனையில மார்க்கிங்கா? ஆகவே ஆகாது."

"கோலத்துக்குக் கத்திரி உண்டாக்கா?" என்றாள் ஜோதி.

ரேணுகா யோசித்தாள். கோலத்துக்குக் கத்திரி கிடையாது. இப்படியாக மூன்று வீடுகளையும் கோலமாகப் போடுவதென்று தீர்மானமாயிற்று. ஆனால் கல்மாவு மங்களமில்லை, பச்சரிசி மாவுதான் வேண்டும் என்று ரேணுகா ஒரு நிபந்தனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை, மே ஒன்பது. வெயில் ஏறுவதற்கு முன்பே அக்காவும் தங்கையும் நாடா பிடிக்க, பிரின்ஸி சொல்லச் சொல்ல, மூன்று வீடுகளும் எழுந்தன. உயரம் மட்டும் இல்லை. வாசல், கூடம், அடுப்படி, படுக்கையறை, குளியலறை எல்லாம் வெள்ளைக் கோடு. வாசலுக்கு வாசல் ஒரு சிறு கோலமும் போட்டார்கள், கோலத்துக்குள் கோலம்.

அதன்பின் நடந்ததை நம்புவது உங்கள் விருப்பம். கோட்டைத் தாண்டிக் கால் வைத்த ரேணுகாவைப் பார்த்து ஜோதி, "ஏக்கா, சுவர் வழியா வாரியே, வாசல் வழியா வா" என்றாள். ரேணுகா நிஜமாகவே திரும்பிப் போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். கிட்டுசாமி காய்கறி ஏற்றிய மினிலாரியில் கட்டிலோடு வந்து இறங்கினார். பேசிக்கொண்டே ஒரு சதுரத்துக்குள் நின்றார். பெண்கள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"என்னாச்சுங்க?"

"அது பாத்ரூம். அங்கன நின்னுக்கிட்டா பேசுவாக?" என்றாள் ஜோதி. அவர் பதறி வெளியே குதித்தார்.

நான் கைப்பேசியில் கமலாவை நடு வீட்டுக்குள் தூக்கிப் போனேன். "ஜன்னலைத் திறங்க, காத்து வருதா பாப்போம்" என்றாள். காற்றில் கையை விரித்துத் திறந்தேன். "வருது" என்றேன். "என் அடுப்படியில உக்காந்திருக்கது யாரு?" என்றாள். திரும்பிப் பார்த்தால் ஒரு ஆட்டோக்காரர் நிழலில்லாத இடத்தில் நிழல் இருப்பது போல உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வாசல் எந்தப் பக்கம் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

இதற்கிடையில் எதிர் டீக்கடையின் வெள்ளாடு உள்ளே வந்து, கிழக்கு வீட்டுக்கும் நடு வீட்டுக்கும் பொதுவான சுவரைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நக்கித் தின்றுவிட்டது. பச்சரிசி மாவு. கல்மாவாக இருந்திருந்தால் வீடு நின்றிருக்கும்.

சுவரை மறுபடி போடும்போது கிட்டுசாமி விடவில்லை. "போடறதே போடறீங்க, ரெண்டாப் போடுங்க. எனக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு, நடுவால சந்து." போட்டார்கள். அதன்பின் தன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு தன் படுக்கையறைக்குள் போனார். சுவர் அந்தச் சந்துக்காக உள்ளே நகர்ந்துவிட்டதால், கட்டில் கால் கதவுக்கோட்டின் மேல் நின்றது. கட்டிலைத் திருப்பினார். தலைமாடு ஜன்னலுக்கு வெளியே போயிற்று.

அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை. "கட்டிலை அறுத்துக்கலாங்க" என்றார்.

ரேணுகா குனிந்து அந்தச் சந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடைக் காகிதம் ஒன்று பறந்து வந்து அதற்குள் விழுந்தது. "ஏங்க" என்றாள் புருஷனிடம், "இதை யாருங்க கூட்டறது?"

"எதை?"

"இந்தச் சந்தை. குப்பை விழுந்தா, எலி செத்துக் கெடந்தா, யாரு கூட்டறது? எங்க அக்கா சிங்கப்பூர்ல இருக்கா. நாந்தானே?"

"வெளக்குமாறு நுழையாதுங்களே" என்றார் கிட்டுசாமி யோசனையாக.

"அப்ப?"

அவர் சந்துக்குள் காலை விட்டுப் பார்த்தார். பிறகு காலால் ஒரு கோட்டைத் தேய்த்து அழித்தார். "ஒண்ணே இருக்கட்டுங்க. ஆனா காலண்டருக்குச் சின்ன ஆணிதான்."

பொதுச்சுவர் தகராறு இப்படியாகத் தீர்ந்தது. மேற்கு வீடு அப்படியே நின்றது. பாண்டி காலையிலேயே மில் பஸ்ஸில் இருந்து இறங்கி நேரே தகரத்துக்குப் போயிருந்தார். உச்சிவெயிலில் தலையணையைக் கட்டிக்கொண்டு மனைக்கு வந்தார். "அங்கிட்டு முடியல" என்றார். கிட்டுசாமியின் கட்டிலை மேற்கு வீட்டுப் படுக்கையறைக்குள் இழுத்துப் போட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்தார். ஒரு கால் கட்டிலிலிருந்து தொங்கி, சுவர்க்கோட்டைத் தாண்டி வெளியே கிடந்தது.

"இந்த வெயில்லயா? எந்திரிங்க, மயக்கம் வந்துரும்" என்றாள் ஜோதி.

"செத்த நேரம் பொறுங்கக்கா" என்றார் பிரின்ஸி.

மனைக்கு மேற்கே ஒட்டி ஒரு கல்யாண மண்டபம், நான்கு மாடி. எத்தனை தடவை அங்கே போய்ச் சாப்பிட்டிருக்கிறோம். அதற்கு நிழல் உண்டு என்று யாரும் யோசிக்கவில்லை. உச்சி சாய்ந்ததும் மண்டபத்தின் அடியிலிருந்து நிழல் கிளம்பி, தயங்கித் தயங்கி, மேற்கு வீட்டுக்குள் வந்தது. கட்டிலில் ஏறியது. பாண்டியின் நெஞ்சைத் தாண்டியது. பிறகு கூடம், அடுப்படி. கிழக்கு வீட்டில் நாங்கள் குடை பிடித்து நின்றோம்.

"காலை வெயிலை மத்த ரெண்டு வீடும் மறைச்சிரும், மத்தியான வெயிலை மண்டபம் மறைச்சிரும்" என்றார் பிரின்ஸி. "நாலாவது தாள்ல இதுதான் இருக்கு."

எல்லோரும் டீக்கடை நாற்காலிகளை எடுத்துக்கொண்டு மேற்கு வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். பாண்டி குறட்டை விட ஆரம்பித்தார். ஜோதி இடுப்பில் கைவைத்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மனிதர் பகலில் குறட்டை விட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்குத்தான் தெரியும்.

ரேணுகா நாற்காலியில் சாய்ந்தாள். முந்தானையால் விசிறுவதை நிறுத்தினாள். "எனக்கு மேக்கு வீடு" என்றாள்.

"என்னது?"

"மூத்தவளுக்குப் பெறகு நான். எனக்குத்தான் முதல்ல கேக்கணும்."

"நேத்து வேண்டாம்னு தள்ளிவிட்டது யாருக்கா?" ஜோதி கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள். "நீ வருசத்துக்கு நாலு நாள் வந்து தங்கப்போற. அதுக்கு அவரு வெந்து சாகணுமா?"

கமலா கைப்பேசிக்குள்ளிருந்து இருவரையும் அதட்டினாள். என் கையில் இருந்ததால் இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள்.

அந்த நேரத்தில் மண்டபத்து வாசலில் வேட்டு வெடித்தது. அன்று அங்கே ஒரு காதணி விழா. தாய்மாமன் சீர் மதியத்துக்கு மேல்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அவர் வராமல் பந்தி போடவில்லை என்பதால், உள்ளேயிருந்தவர்கள் பசியோடு எழுப்பிய கூச்சலும் சேர்ந்துகொண்டது. தாரை, தப்பட்டை, கொம்பு, அதன் பின்னால் ஒலிபெருக்கி கட்டிய வண்டி. சத்தம் மண்டபத்துச் சுவரில் மோதி நேராக மேற்கு வீட்டுக்குள் விழுந்தது. ரேணுகா காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். கிட்டுசாமி ஏதோ சொன்னார். உதடு மட்டும் அசைந்தது. நாற்காலிகளோடு கிழக்கே ஓடினோம்.

பாண்டி அசையவில்லை. வெடித்த வேட்டின் காகிதத்துண்டு ஒன்று அவர் மார்பில் வந்து விழுந்தது. ஒரு ஈ மூக்கில் உட்கார்ந்து எழுந்து போயிற்று.

"முகூர்த்த நாளெல்லாம் இப்படித்தானா?" என்று ரேணுகா கத்தினாள்.

"முகூர்த்தம் இல்லாட்டி காதுகுத்து!" என்று ஜோதி திருப்பிக் கத்தினாள்.

ரேணுகா வானத்தைப் பார்த்தாள், மண்டபத்தைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். மேளம் ஒரு நொடி மூச்சு வாங்கியபோது, "சரி, மேக்கு வீடு உனக்கே. உன் புருசன் மனுசனே இல்ல" என்றாள்.

பிரின்ஸி ஒரு நிமிஷமும் வீணாக்காமல் தாள்களை நீட்டினார். ரேணுகா, ஜோதி, கமலா சார்பில் நான் என்று மூன்று கையெழுத்தும் கிழக்கு வீட்டு அடுப்படியில், மினிலாரியின் முட்டைக்கோஸ் மூட்டைமேல் வைத்துப் போடப்பட்டன. மூன்று சிவப்புக் கார்களை எடுத்துவிடலாமா என்று பிரின்ஸி கேட்டார். இருக்கட்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு மண்டபத்திலிருந்து யாரோ அடையாளம் கண்டு கூப்பிட, நாங்கள் எல்லோரும் போய்ச் சீரக சம்பா பிரியாணி சாப்பிட்டோம். ஆட்டுக்கறி, எங்கள் சுவரைத் தின்ற ஆடு அல்ல, அது டீக்கடை வாசலில்தான் நின்றது. பாண்டி வெயில் தணிந்தபின் எழுந்து, "சத்தம் நின்னுபோச்சே, என்னாச்சு?" என்று கேட்டார்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். "மேக்கு வீடு உனக்கே" என்று ரேணுகா சொன்ன அந்த நொடியில், கோட்டுக்கு வெளியே தொங்கிய பாண்டியின் கால் மெல்ல உயர்ந்து, சுவரைத் தாண்டி, வீட்டுக்குள் வந்து மடங்கியதை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. இதுபற்றி அவரிடம் இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை, "எந்தக் காலுண்ணே?" என்றார். இரண்டாம் தடவை கேட்டபோது தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது கண் மூடியிருந்தது. எனவே தாய்மாமன் சீர் வந்தபோது என் சகலை பாண்டி உண்மையிலேயே தூங்கினாரா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிசெய்யப்படவில்லை.